ஜெபத்துரையின் தலையில் கங்கு

ஒருமனபுரத்துக்காரர்கள் இன்றைக்கும் வருஷக் கணக்குச் சொல்ல வேண்டுமென்றால், ஜெபத்துரை தலையில் கங்கு ஏறுவதற்கு முந்தி என்றும் ஏறினதற்குப் பிந்தி என்றும்தான் சொல்வார்கள். வேதக்கோயில் கோபுரத்துக்குப் புது வெள்ளை அடித்தது அதற்கு முந்தி, பெருமழையில் தேரிக்காட்டுச் செம்மண் இறங்கி வந்து ரோட்டை மூடியது அதற்குப் பிந்தி, முருங்கைக்காய் நல்ல விலைக்குப் போய் ஊரில் பாதிப்பேர் மாடி கட்டினது சரியாக அதே வருஷம். ஒரு மனுஷன் தலையில் அடுப்புக் கங்கு உட்கார்ந்து, மழையிலும் காற்றிலும் அணையாமல் கனன்றுகொண்டிருந்ததை அவர்கள் யாரும் அதிசயமாகப் பேசினதில்லை. அவர்கள் அதிசயப்பட்டதெல்லாம் தெபோராள் அவனுக்குச் சோறு போட்டதைப் பார்த்துத்தான்.

ஏனென்றால் தெபோராளின் ஒரே மகன் ரூபனைக் கொன்றவன் ஜெபத்துரை. கொன்ற இடம் கோயில் வளாகம், கொன்ற காரணம் சபைத் தேர்தல். மூதாதைகள் எல்லாரும் ஒருமனமாக வேதத்தில் சேர்ந்த சந்தோஷத்தில், அந்தக் காலத்துத் துரை ஒருவர் ஊருக்கு ஒருமனபுரம் என்று பெயர் வைத்துவிட்டுக் கப்பலேறினார். அவர் கப்பல் கரை சேருவதற்குள் ஊர் வடக்கு அணி, தெற்கு அணி என்று இரண்டாகப் பிளந்துபோயிருந்தது. அப்புறம் தேர்தலுக்குத் தேர்தல் ஆட்டுக்கறி விருந்தும், கார் ஊர்வலமும், வளாகத்துக்கு வெளியே போலீஸ் வேனுமாகத்தான் கமிட்டிக்கு ஆள் எடுத்தார்கள். அப்படி ஒரு தேர்தலில் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினவனை மறிக்கப்போன ரூபனின் தலையில், பந்தல்காரன் போட்டு வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்து ஜெபத்துரை ஒரே ஒரு அடி அடித்தான். அடிவாங்கினவனுக்குச் சின்ன வயசில் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அதே ஜெபத்துரைதான். அந்தத் தேர்தலில் ஜெயித்தது எந்த அணி என்பது இப்போது ஊரில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

தண்டனை முடிந்து ஜெபத்துரை ஊருக்கு வந்தபோது அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குப் போய்விட்டிருந்தாள், வீட்டுக் கூரையும் உட்கார்ந்துவிட்டிருந்தது. தேர்தலில் அடித்துக்கொண்ட இரண்டு அணியும் அவன் விஷயத்தில் மட்டும் ஒருமனப்பட்டு, ஜெபத்துரைக்கு யாரும் சோறு போடக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, அடுப்பு மூட்ட நெருப்புகூடக் கொடுக்கக் கூடாது என்று கோயிலில் வைத்துத் தீர்மானம் போட்டு, கடைசியில் ஜெபம் பண்ணிக் கலைந்தார்கள். அவன் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் பஸ் நிற்காத பஸ் நிறுத்தக் கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்திருக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டுமென்றால் அவனோடு பேச வேண்டும், பேசவும் கூடாது என்று தீர்மானத்தில் இருந்தது.

தெபோராளுக்கு அந்தத் தீர்மானம் போதவில்லை. அவளுடைய கஷ்டம் யாரிடமும் சொல்ல முடியாத கஷ்டம். மகனை நினைக்கலாம் என்று கண்ணை மூடினால் அவளுக்கு வருவது உடைந்த தலை மட்டும்தான். பிறந்தபோது எப்படி இருந்தான், பள்ளிக்கூடம் போனபோது எப்படிச் சிரித்தான், எதுவும் வராது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் துணி சுற்றிக் கிடந்த தலை வரும், அதோடு நின்றுவிடும். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தால் யாரோ பக்கத்து வீட்டுப் பையனைப் பார்ப்பதுபோல இருந்தது. அந்தக் குழாய் பிள்ளையை மட்டும் கொல்லவில்லை, பிள்ளையின் ஞாபகத்தையும் சேர்த்துக் கொன்றுவிட்டது என்று அவள் ஜெபத்துரையை வெறுத்தாள். காலையில் எழுந்து வெறுத்தாள், முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கும்போது வெறுத்தாள், கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டே வெறுத்தாள்.

ஒருமனபுரத்துப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனிப் பானையில் எடுத்துப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்த தெபோராள் வழக்கம்போலக் கைப்பிடியை அள்ளினபோது, இது கோயிலுக்கு வேண்டாம், பொங்கி ஜெபத்துரைக்குக் கொண்டுபோய்க் கொடு என்று ஆண்டவர் சொன்னார். குரல் எப்படி இருந்தது என்று பின்னால் பலபேர் கேட்டார்கள். இடி மாதிரியெல்லாம் இல்லை, கடைக்குப் போய் வரும்படி சொல்வது போலச் சாதாரணமாகத்தான் இருந்தது என்றாள்.

அவள் அரிசியைப் பானையிலேயே போட்டு மூடிவிட்டாள். மறுநாள் கைப்பிடி அள்ளினபோது ஆண்டவர் மறுபடியும் சொன்னார். ஆண்டவரிடம் உள்ள ஒரு சங்கடம், அவர் நியாயம் பேச வரமாட்டார்; நாம் ஆயிரம் நியாயம் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தாம் முதலில் சொன்னதையே திரும்பச் சொல்வார். தெபோராள் அடுக்களையில் நின்று ஏசினாள். உம்ம மகனையும் கொன்னாங்க, ஆனா உம்ம மகன் எந்திச்சு வந்துட்டாரே, எம் மகன் வந்தானா என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான் வந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை, படுத்தால் தூக்கம் வரவில்லை. கடைசியில் ஒரு நாள், உம்ம தொல்லை தாங்க முடியலை என்று சொல்லிக்கொண்டே கைப்பிடி அரிசியோடு இன்னும் ஒரு கை சேர்த்துப் போட்டுப் பொங்கி, சாளை மீன் குழம்பு வைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். அவள் மனசில் இரக்கம் ஒரு துளிகூட இல்லை. குழம்பில் விஷம் வைக்காமல் வந்தது ஒன்றுதான் அன்றைக்கு அவள் செய்த நன்மை.

கொட்டகையில் அவனுக்கு முன்னால் சட்டியை டங்கென்று வைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டியைத் தன் பக்கம் இழுத்தான். அப்புறம் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான். மூன்றாவது வாய்ச் சோற்றை அவன் விழுங்கும்போது அவன் தலையின் உச்சியில் ஒரு கங்கு வந்து உட்கார்ந்தது. கொட்டாங்கச்சி எரிந்து முடிந்த பதத்தில் நல்ல சிவப்பாக இருந்தது. முடி பொசுங்கவில்லை, புகையவும் இல்லை. அவன் கண்ணை மூடி, அந்த வாய்ச் சோற்றை விழுங்கி முடித்தான். தெபோராள் காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதைக் கழுவிக் கவிழ்த்து, சாயங்காலம் பறிக்க வேண்டிய முருங்கைக்காயைப் பறிக்கப் போனாள்.

அவள் புருஷன் ஆசீர்வாதத்துக்கு விஷயம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. பாடகர் குழுவில் கனத்த குரலுக்குப் பேர்போனவர் அவர். மகன் போன நாளிலிருந்து கோயில் வாசலை மிதிக்கவில்லை, தினமும் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவர் அடுக்களைக்குள் வந்து, கவிழ்த்து வைத்திருந்த தூக்குச்சட்டியைக் காலால் தள்ளிவிட்டு, ஏன் போட்டே என்று கேட்டார்.

"சொல்லியிருக்கு," என்றாள் தெபோராள். "எனக்கு இஷ்டமில்லை. சொல்லியிருக்கு, அதனால போட்டேன்."

"யாரு சொன்னா?"

அவள் மேலே பார்த்தாள். ஆசீர்வாதமும் மேலே பார்த்தார், ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி வெளிச்சம்தான் தெரிந்தது. இனி இந்த வீட்டுச் சட்டியில் எனக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு இரவு கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்து படுத்தார்.

ஊர் வேறுமாதிரி எடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஜெபத்துரையின் தலையைப் பார்த்த முதல் ஆள் ஓடிவந்து சொன்னதும், கொட்டகையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஏசுவடியான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கங்கை நன்றாகப் பார்த்தார். பகையாளி பசியாயிருந்தால் அவனுக்குச் சோறு போடு, அதனால் அவன் தலையில் நெருப்பைக் குவிப்பாய் என்று வேதத்திலேயே சொல்லியிருக்கிறது, இதில் புதுசாக என்ன இருக்கிறது என்றார். அவ்வளவுதான். இத்தனை காலம் அதை வாசித்து, பிரசங்கம் கேட்டு, மனப்பாடப் போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியிருந்த ஊர், இத்தனை நல்ல ஆயுதம் வீட்டுக்குள் இருக்கும்போது இரும்புக் குழாயைத் தேடி அலைந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டது.

தெபோராளைத் தெருவில் பார்த்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எப்பேர்ப்பட்ட பழி வாங்கிட்டே, மைனி," என்றார்கள். அவள் இல்லை என்று சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் தினமும் சோறு கொண்டுபோக, தினமும் கங்கு ஒன்று கூடியது. ஊர் தினமும் கொட்டகையில் வந்து நின்று பார்த்தது. இன்னும் ரெண்டு கரண்டி கூடப் போடு என்று அவளுக்கு அரிசியும் நெத்திலிக் கருவாடும் தேங்காயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுடுதாடே, சுடுதாடே என்று அவனைக் கேட்டார்கள். பேசக் கூடாது என்ற தீர்மானத்தை அதற்கு மட்டும் தளர்த்திக்கொண்டார்கள். மழைக்காலம் வந்து விறகும் தீப்பெட்டியும் நமுத்துப்போனபோது, நெருப்புகூடக் கொடுக்கக் கூடாது என்று கை தூக்கின பெண்களே கரண்டியோடு வந்து அவன் தலையிலிருந்து நெருப்பு எடுத்துப்போனார்கள். பீடி பற்றவைக்க வந்தவர்களுக்கு அவன் குனிந்து கொடுத்தான். பிள்ளைகள் கொல்லாங்கொட்டை என்கிற முந்திரிக்கொட்டையைக் கம்பியில் குத்திச் சுட்டுத் தின்றார்கள். எத்தனை பேர் எடுத்தாலும் கங்கு குறையவில்லை.

அந்த வருஷம்தான் ஒருமனபுரத்தில் விருந்து பெருகியது. வரப்புத் தகராறில் பேச்சில்லாமல் இருந்த அண்ணன் தம்பிகள் ஒருத்தரையொருத்தர் வீட்டுக்குக் கூப்பிட்டு நாட்டுக்கோழி அடித்துப் போட்டார்கள். மாமியார் மருமகளுக்கு நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். வடக்கு அணி தெற்கு அணிக்குப் பிரியாணி போட்டது, தெற்கு அணி சும்மா விடுமா, அடுத்த வாரமே வடக்கு அணிக்கு ரெண்டு கறியும் பாயசமும் போட்டது. போட்டவர்கள் எல்லாரும் எதிரே உட்கார்ந்து, சாப்பிடுகிறவனின் இலையைப் பார்க்காமல் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலையிலும் ஒரு பொறிகூட விழவில்லை. தின்றவர்களுக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போனதுதான் மிச்சம். அவர்களிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்கவில்லை என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இதற்குள் ஆசீர்வாதம் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கல்லறைத் தோட்டத்தில் மகன் பக்கத்தில் உட்கார்ந்தால் எதிரே கொட்டகை. ஒரு நாள் மத்தியானமே போய் உட்கார்ந்தவர் பார்த்தால், கொட்டகையில் தன் பெண்டாட்டி மகனைக் கொன்றவனுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முள் எடுத்துக் கொடுத்தது நிஜம். அவனுக்குச் சிறையில் பல் போய்விட்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவனா நானா சொல்லு என்று கேட்டார்.

தெபோராள் அவர் காலைப் பிடித்தாள். மூத்த மகள் எப்சிபாவைக் கட்டிக்கொடுத்த கல்யாணத்துக்கு அலைந்தபோதுகூட அவளை ஒருநாள் பிரிந்திருக்காத மனுஷன். அவரில்லாமல் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று கேட்டாள். நாளைக்குப் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சொல்லியிருக்கே, நான் என்ன செய்ய?" என்று அழுதாள்.

"உன் ஆண்டவருக்கு எம் பிள்ளை போதலை, நீயும் வேணும் போல," என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினார். அவள் அன்றைக்கும் உலை வைத்தாள். ஒரு கை கூடப் போட்டுப் பழகின கை, அவருக்கும் சேர்த்தே அரிசி போட்டுவிட்டது.

ஆனால் அவள் யாரிடமும் சொல்லாத சந்தோஷம் ஒன்று இருந்தது. முதல் நாள் சோறு போட்டுவிட்டு வந்த சாயங்காலம், முருங்கைக் கொப்பை வளைத்தபோது, திடீரென்று ரூபன் தும்முகிற சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. தும்மினால் அவன் எப்போதும் ரெண்டாவது தும்மலுக்காக வாயைத் திறந்தபடி நிற்பான். மறுநாள் சோறு போட்டுவிட்டு வந்தபோது அவன் குளித்துவிட்டுத் துண்டைக் காது வழியாகக் கட்டிக்கொள்வது வந்தது. அப்புறம் அவன் சாமான் வாங்கிவந்தால் மிச்சத்துக்கு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டுப் பொய் சொல்கிற முகம், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் கூப்பாடு போட்டது, அவளை அம்மாள் என்று நீட்டிக் கூப்பிடுவது. அந்தக் கொலைகாரன் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அவளுக்குப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தான். கடைசியில் கண்ணை மூடினால் உடைந்த தலை வரவில்லை, முழுப் பிள்ளை வந்தான். கொட்டகையிலிருந்து திரும்புகிற வழியில் சந்தோஷம் தாங்காமல் தேரி மணலில் உட்கார்ந்து அழுதாள். புருஷனும் கூட இருந்திருந்தால் அவருக்கும் இது கிடைத்திருக்குமே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

ஒரு நாள் அவள் அவனோடு பேசினாள். அவன் தலையில் அப்போது கங்கு ஒரு சின்னச் சட்டி நிறைய இருக்கும்.

"சுடுதா?" என்று கேட்டாள்.

"சுடுது அத்தை," என்றான் ஜெபத்துரை. சிறையிலிருந்து வந்தபிறகு அவன் பேசின முதல் பேச்சு. "உள்ள மண்டைக்குள்ள வரைக்கும் சுடுது. ஒவ்வொரு கங்குக்கும் அவனை அடிச்சது முதல்லேர்ந்து வருது. ஆனா எறக்கி வச்சிராதீங்க. குளுந்து கிடந்தேன். இது இருக்கிறதாலதான் நான் மனுஷன்னு தெரியுது."

கொட்டகைக்குப் பின்னால் பீடிக்கு நெருப்பு எடுக்க வந்து நின்ற, வடக்கு அணிக்காரரான கமிட்டிச் செயலாளர் பொன்சாமுவேல் அதைக் கேட்டார். அவர் ஏற்கெனவே தெபோராள்மேல் கோபமாக இருந்தார். தேர்தல் வருகிறது, கோயில் அசன விருந்தில் தெற்கு அணிப் பந்திக்கு நீ உன் கையால் சோறு வடித்துப் போடு, உன் கையில்தான் பலிக்கிறது என்று வீட்டுக்கே வந்து கேட்டதற்கு, எனக்கு அப்படிச் சொல்லவில்லை என்று அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். இப்போது அவர் ஊருக்குள் போய், அவனுக்கு அது தண்டனை இல்லையாம், எறக்கி வைக்க வேண்டாம் என்கிறான், இந்தப் பொம்பளை நம்மையெல்லாம் ஏமாற்றிக் கொலைகாரனுக்குக் கிரீடம் வைத்திருக்கிறாள் என்றார்.

ஊருக்கு அது தாங்கவில்லை. அவன் துடிப்பான் என்றுதான் அரிசி கொடுத்தோம், கருவாடு கொடுத்தோம், அவன் குளிர் காய்கிறானா என்று கொதித்தது. மறுபடியும் கூட்டம், மறுபடியும் தீர்மானம், மறுபடியும் கடைசியில் ஜெபம். இனி தெபோராள் வீட்டுக் கைப்பிடி அரிசி கோயிலுக்கு வேண்டாம், அவளுக்கும் யாரும் நெருப்புக் கொடுக்க வேண்டாம், கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு மகன் பக்கத்தில் இடமும் இல்லை என்று முடிவானது. உபதேசியார் ஏசுவடியான் மட்டும் கை தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை, மாசச் சம்பளம் கமிட்டி கையில் இருந்தது. தெபோராள் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பாய் காலியாகக் கிடந்தது.

ஐப்பசி மழையில் ஜெபத்துரைக்குச் சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. தெபோராள் கஞ்சி கொண்டுபோனாள், மாத்திரை கொண்டுபோனாள், ஒரு நாள் போனபோது அவன் சுவரில் சாய்ந்தபடியே செத்திருந்தான். கங்கு மட்டும் கனன்றுகொண்டிருந்தது. ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ரெண்டு ஆளைக் கூப்பிட்டு, கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே தேரி மணலில் குழி வெட்டினாள். உபதேசியார் குடையைப் பிடித்துக்கொண்டு யாரும் பார்க்காமல் வந்து, அவசரமாக ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். மண்ணைத் தள்ளி மூடினபிறகும், ஈர மணலுக்கு மேலே ஒரு சிவப்பு தெரிந்துகொண்டே இருந்தது. ஊர் அதையும் பார்த்துப் பழகிவிட்டது. இருட்டில் தேரி மணலில் வழி தெரியாமல் வருகிறவர்களுக்கு அது அடையாளமாயிற்று.

அப்புறம் தெபோராளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. உலை வைக்கும்போது கைப்பிடி அள்ளி, இனி என்ன என்று நின்று கேட்டுப் பார்த்தாள். ஆண்டவர் பேசவில்லை. புருஷன் போயாச்சு, கோயில் போயாச்சு, கல்லறையில் இடம் போயாச்சு, எல்லாத்தையும் கொடுத்து யாருக்குச் சோறு போட்டாளோ அவனும் போயாச்சு. இதுக்குத்தானா என்று கேட்டாள். அள்ளின அரிசியைக் கோழிக்குப் போட்டாள். கண்ணை மூடினால் பிள்ளை வந்தான், துண்டைக் காது வழியாகக் கட்டிக்கொண்டு, தும்மிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றான். அது ஒன்றுதான் வீட்டில் மிச்சம். அதற்குக் கொடுத்தது அதிகம் என்று சில நாள் தோன்றியது. சில நாள் இல்லை என்றும் தோன்றியது.

வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கவிட ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம், ஆசீர்வாதம் கையில் அடுக்குப் பாத்திரத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். இளைத்துப்போயிருந்தார். வீட்டுக்குள் வரவில்லை, முற்றத்தில் நின்றபடியே பாத்திரத்தை நீட்டினார்.

"எப்சி கொடுத்துவிட்டாளா?" என்று கேட்டாள் தெபோராள்.

"நான் பொங்கினேன். சாப்பிடு."

ஒரு டம்ளர் காப்பி போடத் தெரியாத மனுஷன். சோறு குழைந்து களியாகக் கிடந்தது, பருப்பில் உப்பில்லை. அவள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டாள். மூன்றாவது வாயை விழுங்கும்போது உச்சந்தலையில் சுரீரென்றது. பாத்திரத்து மூடியில் கிடந்த தண்ணீரில், தன் நரைத்த வகிட்டுக்கு நடுவே ஒரு சிவப்பு தெரிவதைப் பார்த்தாள்.

ஆசீர்வாதமும் பார்த்துவிட்டார். வேதம் அவருக்கும் தெரியும். யார் தலையில் அது ஏறும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் முகம் செத்துப்போனது.

"நான் உங்களுக்கு அவ்வளவு பகையாளியா?" என்று கேட்டாள் தெபோராள்.

அவர் பொய் சொல்லவில்லை. "ஆமா," என்றார். "அவனைவிட உன்னைத்தான் வெறுக்கேன். தினமும் அதை நினைச்சுட்டுத்தான் படுக்கேன், அதை நினைச்சுட்டுத்தான் எந்திக்கேன்."

"பிறகு எதுக்குக் கொண்டாந்தீங்க?"

ஆசீர்வாதம் நிமிர்ந்து ஆகாசத்தை ஒரு முறை முறைத்தார். "சொல்லியிருக்கு," என்றார். "எனக்கு இஷ்டமில்லை. விடமாட்டேங்கிறாரு."

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனுஷனுக்குத் தான் ஜெபத்துரையாகிவிட்டோம் என்பது அவளைக் கங்கைவிட அதிகமாகச் சுட்டது. ஆனால் ஆண்டவர் இவரிடம் பேசியிருக்கிறார், இவரும் அரிசியைக் களைந்துகொண்டே அவரை ஏசியிருக்கிறார், ஏசிவிட்டு அடுப்பையும் மூட்டியிருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

"சும்மா இரு, தட்டிவிடுதேன்," என்று ஆசீர்வாதம் பதறிப்போய் அவள் தலைக்குக் கையைக் கொண்டுவந்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்."

"சுடலையா?"

"சுடத்தான் செய்யுது," என்றாள். கையை விட்டுவிட்டு அடுத்த வாயைப் பிசைந்தாள்.

அவர் உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை முற்றத்தில் முதுகைக் காட்டி நின்றார். அப்புறம் பாத்திரத்தை வாங்கித் தாமே கழுவிக்கொண்டார். நாளைக்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னார். பேசிக்கொண்டே இருந்தவர் மூக்கை உறிஞ்சி, ஒரு தும்மல் போட்டார். போட்டுவிட்டு, அடுத்த தும்மல் வருமோ என்று வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். தெபோராள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனபிறகு அவள் வாசலுக்கு வந்தாள்.

"நாளைக்கு உப்புப் போட்டுப் பொங்குங்க," என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.